கார் பெயின்ட் மங்கிவிட்டது, செராமிக் போடலாமா?

வாசகர் கேள்வி: என் கறுப்பு செடான் காருக்கு எட்டு வயது. பெருங்குடியில் அபார்ட்மென்ட், திறந்தவெளி பார்க்கிங், மேலே புங்க மரம். தினமும் காலையில் வாட்ச்மேன் போர் தண்ணீரில் துடைத்துவிடுகிறார். இப்போது வெயிலில் பார்த்தால் வண்டி முழுக்க சிலந்தி வலை மாதிரிக் கோடுகள், பானட்டில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள், கூரையில் ஓரிடம் சாம்பல் பூத்த மாதிரி. கதவில் யாரோ சாவியால் இழுத்த கீறல் வேறு. ஒரு கடையில் பாலிஷ் போட்டு செராமிக் கோட்டிங் அடித்துத் தர 28,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா, இல்லை வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். செராமிக் (பெயின்ட்டின் மேல் அடிக்கிற ஒரு பாதுகாப்புப் பூச்சு) மோசம் என்று சொல்லவில்லை, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கடையிலிருந்து வண்டியைக் கண்ணாடி மாதிரி எடுத்துக்கொண்டு வருவீர்கள், மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே வாட்ச்மேன் அதே வாளி, அதே துணியோடு வந்து நிற்பார். ஆறு மாதத்தில் வலை திரும்பக் கட்டிவிடும்.

முதலில் உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் கறுப்பு நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனி பெயின்ட் எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான் வரும், அதில் கிளியர் கோட் 35 முதல் 50. தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் வாக்கில் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பு கொடுப்பதும் வெயிலைத் தாங்குவதும் இந்த மெல்லிசுத் தோல்தான். பாலிஷ் என்றால் எதையோ பூசுகிறோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள் (ஷூ பாலிஷைப் பார்த்து வந்த குழப்பமாக இருக்கும்). கார் பாலிஷ் பூசுவது இல்லை, தேய்த்து எடுப்பது. கீறலின் பள்ளம் வரைக்கும் சுற்றியுள்ள மேட்டைக் கரைத்துச் சமமாக்குகிறோம், அவ்வளவுதான். சந்தனக் கட்டை மாதிரி, தேய்ந்தது தேய்ந்ததுதான். அதனால் ஒரு வண்டியின் ஆயுளில் இத்தனை தடவைதான் பாலிஷ் போட முடியும் என்று கணக்கு இருக்கிறது, வருடா வருடம் தீபாவளிக்குப் போடுகிற சமாச்சாரம் இல்லை இது.

அந்தச் சிலந்தி வலை கூட உண்மையில் வட்டக் கீறல்கள் இல்லை. எல்லாத் திசையிலும் ஓடுகிற சின்னச் சின்னக் கீறல்கள், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் சூரியனைச் சுற்றி வளையம் கட்டின மாதிரித் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற வெள்ளைக் காரிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு வாங்கினவர்களுக்கு இந்த வேதனை கூடவே வரும்.

காரணம் துணி. காரில் படிகிற தூசியில் மணலும் இருக்கும், மணல் கிளியர் கோட்டை விடக் கடினம். காய்ந்த தூசியின் மேல் ஈரத்துணியை வைத்து இழுத்தால் அது துடைப்பது இல்லை, உப்புத்தாள் போடுவது. அதுவும் உங்கள் வாட்ச்மேனுக்கு நிச்சயம் பத்துப் பதினைந்து வண்டி இருக்கும், ஒரே வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் முடிப்பார், கடைசி வண்டிக்கு வரும்போது அந்தத் தண்ணீரின் அடியில் என்ன கிடக்கும் என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள். அவரை நிறுத்தச் சொல்லவில்லை, அந்த வருமானத்தை நம்பி அவர் வீடு ஓடும். மாதச் சம்பளத்தை அப்படியே கொடுங்கள், வேலையை மட்டும் மாற்றுங்கள்: தினமும் கண்ணாடிகளும் விளக்குகளும் மட்டும் துடைத்தால் போதும், பாடியைத் தொட வேண்டாம், வாரம் ஒரு நாள் ஹோஸில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்டு அப்புறம் துணி வைக்க வேண்டும். ஹோஸ் எட்டாது என்றால் விதைக்கடையில் செடிக்கு மருந்தடிக்கிற கை ஸ்பிரேயர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், நன்றாக வேலை செய்யும். கூடவே உங்கள் வண்டிக்கென்று தனியாக நான்கு மைக்ரோஃபைபர் துணி. அந்தத் துணியைத் துவைக்கும்போது துணிக்கு மணம் தருகிற கண்டிஷனர் போடக் கூடாது, இழைகள் வழுவழுத்துத் தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும்.

அடுத்த எதிரி தண்ணீர். பானட்டில் இருக்கும் வெள்ளை வட்டங்கள் போர் தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும்தான். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும், வெயில் அதைச் சுட்டுப் பெயின்ட்டோடு ஒட்டவைக்கும். இதில் ஒரு கொடுமை, சில வீடுகளில் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்துவைத்துக் காரைக் கழுவுகிறார்கள். அந்த மெஷின் உப்பையெல்லாம் பிரித்து அதில்தான் அனுப்புகிறது, போர் தண்ணீரை விட மோசமான தண்ணீர் அது. தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிகிற தண்ணீர், உப்பே கிடையாது என்று சொல்லலாம். சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஓடினாலே சில லிட்டர் தேறும். மெல்லிய துணியில் வடிகட்டி கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முழு வண்டியும் அதில் கழுவ முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையையும் விடாதீர்கள். நல்ல மழையில் பத்து நிமிஷம் நனைந்த வண்டியை உடனே துடைத்தால் அதை விட நல்ல வாஷ் இல்லை.

சரி, இனி வீட்டில் செய்கிற வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஆரம்பித்து, புறங்கையை பானட்டில் வைத்தால் சுடுகிறது என்ற நிமிஷம் நிறுத்திவிட வேண்டும். சூட்டில் ஷாம்புவும் காயும், பாலிஷும் காயும், எல்லாமே கறையாகும். மார்கழி உத்தமம். கத்திரி வெயிலில் ஆரம்பிக்காதீர்கள்.

முதல் ஞாயிறு சுத்தம் மட்டும். டயரையும் சக்கரத்தையும் முதலில் முடியுங்கள், அந்தத் துணி வண்டியின் மேல் வரக் கூடாது. அப்புறம் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்டு, இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர், துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள், கதவின் அடிப்பகுதிதான் அழுக்கு அதிகம், அது கடைசி. துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், கரையாத குருணை ஒன்று போதும் கோடு போட. பாத்திரம் கழுவுகிற லிக்விட் பழைய மெழுகையெல்லாம் எடுத்துவிடும், இன்றைக்கு ஒரு நாள் பாலிஷுக்கு முன் பரவாயில்லை, வாராவாரம் கூடாது.

வெள்ளை வட்டங்களுக்கு மளிகைக்கடை வெள்ளை வினிகர். சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து வட்டங்கள் மேல் ஒரு நிமிஷம் போட்டு வையுங்கள், துடைத்து, உடனே நிறையத் தண்ணீரில் அலசுங்கள். சுண்ணாம்பை அமிலம் கரைக்கிறது, பித்தளை விளக்குக்குப் புளி போடுகிற மாதிரி. இரண்டு மூன்று தடவையிலும் போகாமல் வட்டத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தால் அது கறை இல்லை, கிளியர் கோட் அரிக்கப்பட்டிருக்கிறது, பாலிஷில் பாதி போகலாம். காக்கை எச்சமும் இப்படித்தான் அரிக்கும், அதில் இருக்கும் யூரிக் அமிலத்தின் வேலை. மத்தியானம் வெயிலில் விழுந்த எச்சத்தைச் சாயங்காலம் வரை விடக் கூடாது. காய்ந்ததைச் சுரண்டாமல் ஈர டிஷ்யூவை ஐந்து நிமிஷம் போட்டு ஊறவைத்து அப்படியே அள்ளி எடுக்க வேண்டும். புங்க மரத்துப் பிசுபிசுப்புக்கும் ஊறவைப்பதுதான் வழி.

கழுவி ஈரம் துடைத்த பிறகு கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மணல் ஒட்டின மாதிரித் தட்டுப்படும். பிரேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் துகள், தண்டவாளப் பக்கத்துத் தூசி, தார், பெயின்ட் துளி எல்லாம் கிளியர் கோட்டில் பதிந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் போகாது. இதற்குக் களிமண் மாதிரி ஒன்று வருகிறது, கிளே பார் என்று கேளுங்கள். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாக அடித்து, அழுத்தாமல், முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் சொரசொரப்பு அடங்கிக் கண்ணாடி மாதிரி வழுக்கும். அழுக்குப் பக்கத்தை மடித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள். கீழே விழுந்துவிட்டதா, அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள், அலசி எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், உள்ளே புதைந்த மணல் வெளியே வராது. கிளே பாரே கொஞ்சம் கோடு போடும், அதனால் பாலிஷ் போடப்போவதில்லை என்றால் இதைத் தொடாதீர்கள். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய் கிடைத்தால் (இப்போது எங்கே கிடைக்கிறது) ஒரு சொட்டு, பழைய ஸ்டிக்கர் பசைக்கு நீலகிரித் தைலம், இரண்டுக்குப் பிறகும் உடனே ஷாம்பு.

இரண்டாவது ஞாயிறு பாலிஷ். கையால் போட்டால் மங்கல் கொஞ்சம் குறையும், வலை போகாது. எட்டு வருட வலையை எடுக்க மெஷின் வேண்டும், டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்று பெயர், சுழன்றுகொண்டே ஆடும், அதிகம் அழுத்தினால் சுழல்வதை நிறுத்திவிடும், அதுதான் வீட்டு ஆளுக்குப் பாதுகாப்பு. பட்டறைகளில் பார்க்கிற ஒரே இடத்தில் சுற்றும் ரோட்டரி வேண்டாம். கிரைண்டரில் பஃப் மாட்டி ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டார், கிரைண்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும், பெயின்ட் அல்ல, தகடே தெரியும். நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் ஒரு சிவப்புக் காரின் பானட் விளிம்பில் ரோட்டரியைச் சரியாக மூன்று நொடி அதிகம் வைத்துவிட்டுப் பிரைமரைப் பார்த்தவன். அந்த மாதச் சம்பளம் அந்த பானட்டுக்கே போனது. விளிம்பு, மடிப்பு, லைன் வரும் இடங்களில் பெயின்ட் இன்னும் மெல்லிசு, அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பட்டிகளுக்கும் ஒட்டுங்கள், பாலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து பிடித்துக்கொள்ளும்.

எடுத்தவுடன் ரப்பிங் காம்பவுண்ட் (அதிகமாகத் தேய்த்தெடுக்கிற முரட்டு பாலிஷ்) வேண்டாம். மென்மையான பேட் (மெஷினில் மாட்டுகிற ஸ்பாஞ்ச்), மெல்லிய பாலிஷ், பானட்டில் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி. அந்த ஓர் இடத்தில் போட்டுப் பார்த்து மொபைல் டார்ச்சை அடியுங்கள். போதும் என்றால் வண்டி முழுக்க அதுவே. போதவில்லை என்றால்தான் ஒரு படி கடுமையான காம்பவுண்ட், அதன் பிறகு மெல்லிய பாலிஷ். பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு, மெஷினை ஓடவிடாமலே தடவி, குறைந்த வேகத்தில் பரப்பி, மெஷின் டயலில் 4 அல்லது 5 வேகத்துக்கு ஏற்றி, முன்பின்னாக ஒரு தடவை, இடவலமாக ஒரு தடவை என்று நான்கைந்து சுற்று. கை நகர்கிற வேகம் நொடிக்கு ஓர் அங்குலம், அவசரப்பட்டு ஓட்டுகிறவர்களுக்குத்தான் ஒன்றும் போகாது. எல்லாக் கீறலும் போக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். நகத்தை மேலே ஓட்டினால் தட்டுகிறதா, அந்தக் கீறல் ஆழம், அதை அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம்.

முடித்ததும் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பாலிஷில் எண்ணெய் இருக்கும், அது கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைத்திருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து அடித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரியும். சில கடைகளில் டெலிவரி அன்றைக்கு ஜொலிக்கிற வண்டி மூன்றாவது வாஷில் பழைய மாதிரி ஆவதற்கு இதுதான் காரணம். தேங்காய் எண்ணெய் வைத்தியமும் இதே கதை, போன வழியில் தூசியைக் கூட்டிக்கொண்டு வரும். டூத்பேஸ்ட் என்பது எவ்வளவு கடினம் என்று தெரியாத ஒரு காம்பவுண்ட், பல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாதுகாப்புப் பூச்சு. கார்னாபா மெழுகு பிரேசிலில் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுப்பது, கறுப்புக்கு அழகான ஆழம் கொடுக்கும், ஆனால் திறந்தவெளிச் சென்னை வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் அதிகம். செயற்கை சீலன்ட் நான்கைந்து மாதம் போகும், நான் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். எதுவானாலும் மெல்லிசாகப் பூச வேண்டும். பாதி வெங்காயத்தில் எண்ணெய் தொட்டுத் தோசைக்கல்லில் தேய்ப்போமே, அந்தக் கனம். அள்ளி அப்பினால் துடைக்கிற வேலைதான் கூடும்.

செராமிக்குக்கு வருகிறேன். சிலிக்கா சார்ந்த திரவம், பெயின்ட்டோடு நன்றாக ஒட்டும், ஒன்றிரண்டு வருடம் நிஜமாகவே தாங்கும், கழுவுவது சுலபம். ஆனால் அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். 9எச் கடினம் என்று கடையில் சொல்வது பென்சில் கீறல் சோதனையின் அளவு, வைரத்துக்கு அடுத்தது என்று அர்த்தம் இல்லை, காய்ந்த துணியும் மணலும் அதையும் கீறும். இன்னொன்று, செராமிக் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகு, அது போர் தண்ணீராக இருந்து வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வெள்ளை வட்டம். உங்கள் பார்க்கிங், உங்கள் தண்ணீர் இரண்டையும் வைத்துப் பார்த்தால் இது சரியான ஜோடி இல்லை. மூடின பார்க்கிங் கிடைத்து, கழுவுகிற பழக்கமும் மாறி ஒரு வருடம் போகட்டும், அப்போது யோசிக்கலாம். வாரன்ட்டி ஐந்து வருடம் என்றால் வருடா வருடம் காசு கொடுத்து சர்வீஸுக்கு வர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். டெஃப்ளான் கோட்டிங் என்று ஷோரூமில் தள்ளுவதைப் பற்றி ஒரே வரி: தோசைக்கல்லில் டெஃப்ளானை உருக்கிப் பிடிக்கவைக்க 327 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், உங்கள் காரை யாரும் அந்தச் சூட்டில் வைக்கப்போவதில்லை.

கவர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தூசி வண்டியின் மேல் கவரை இழுத்துப் போட்டால் அதுவும் உப்புத்தாள்தான், காற்றில் படபடக்கும்போது இன்னும் மோசம். அசோசியேஷனில் பேசி மேலே பச்சை ஷேட் நெட் கட்ட முடிந்தால் எச்சம், வெயில், புங்கம்பூ மூன்றுமே குறையும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ வையுங்கள், பானட்டில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்த தடம் அடுத்த பூஜை வரை இருக்கும்.

சாவிக் கீறலைப் பாலிஷால் எடுக்க முடியாது. உள்ளே வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது, தகடு தெரிந்தால் இந்த வாரமே கவனியுங்கள், பெருங்குடி கடலுக்கு ரொம்ப தூரம் இல்லை, உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். (இதே கீறல் பம்பரில் என்றால் அவசரம் இல்லை, அது பிளாஸ்டிக்.) வண்டியின் நிறக் குறியீடு கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ தகட்டில் இருக்கும், அதைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்குங்கள். கூடவே வருகிற பிரஷ் கனமானது, பல் குத்துகிற குச்சியால் கீறலுக்குள் மட்டும் விடுங்கள், ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை, பெயின்ட் சுருங்குவதால் ஒரே தடவையில் நிரம்பாது. கிட்டே வந்து பார்த்தால் தெரியும், துரு வராது, அதுதான் வேண்டியது.

கூரைதான் எனக்குக் கவலை. சாம்பல் பூத்த இடத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். உரிந்த படை மாதிரி ஒரு விளிம்பு தட்டினாலோ, பாலிஷ் போட்டுப் பார்த்தும் அந்த இடம் மட்டும் அசையவே இல்லையென்றாலோ, கிளியர் கோட் வெயிலில் செத்துவிட்டது. அதற்கு எந்த பாலிஷும், எந்த செராமிக்கும் மருந்து இல்லை, மேலே பூசினால் உரிவதைத்தான் பூசி மூடியிருப்பீர்கள். கூரையை மட்டும் பெயின்ட் பண்ண வேண்டும், நீங்கள் மிச்சம் பிடித்த 28,000 அங்கே உதவட்டும். பெயின்ட் அடிக்க மூடின அறை (ஸ்பிரே பூத்) இருந்து, ஹீட்டர் வைத்துக் காயவைக்கிற பட்டறையாகப் பாருங்கள். வண்டி திரும்பி வந்ததும் புதுப் பெயின்ட் என்று ஆசையாக மெழுகு போட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். எத்தனை நாள் விட வேண்டும் என்று அடித்த பெயின்டரையே கேளுங்கள், அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு மாதம் வெறும் தண்ணீரும் ஷாம்புவும் மட்டும்.